தெத்துவான் 1936: யுங்கர்ஸ் விமானத்தில் ஏறுகிறவர்கள் தலையில் என்ன போடுவது?

ஒட்டுப்பசை:

வணக்கம் நண்பர்களே. இதுவரை இரண்டாம் உலகப் போர் விமானங்களைத்தான் 1/72 அளவில் செய்துகொண்டிருந்தேன். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பக்கம் இப்போதுதான் கால் வைக்கிறேன். வைத்த காலிலேயே முள்.

மேசையில் இருப்பது யுங்கர்ஸ் 52. மூன்று என்ஜின், நெளித்தகடு உடம்பு. இறக்கைகளை ஒட்டியாயிற்று. நான் நினைத்திருக்கும் காட்சி, 1936 ஆகஸ்டில் மொராக்கோவின் தெத்துவான் விமானத்தளம். பிராங்கோவின் ஆப்பிரிக்கப் படை வீரர்கள் எட்டுப் பேர் செவியாவுக்குப் பறக்கக் கதவருகே காத்திருக்கிறார்கள். இறக்கை நிழலில் ஒரு விமானி.

பொம்மைகள்தான் தகராறு. வாங்கிய பெட்டியில் 12 பேர். பத்துப் பேர் தலையிலும் காதை மூடி இறங்கும் ஜெர்மன் இரும்புக் கவசம். மீதி இரண்டு பேர் தட்டையான பெரே தொப்பியில். என்னோடு மாடல் செய்யும் நண்பர் பார்த்துவிட்டு, "இது தெத்துவான் இல்லை, ஸ்டாலின்கிராட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரமாக பசை பாட்டிலைத் திறக்கவில்லை.

அந்த ஊரில், அந்த மாதத்தில், அவர்கள் தலையில் உண்மையில் என்ன இருந்தது? விமானி என்ன போட்டிருப்பான்? பெரே தொப்பிக்காரர்கள் இருவருக்கும் சிவப்பு அடித்து வரிசையில் நிறுத்தலாமா? அடுத்து குடியரசுத் தரப்பின் பொலிகார்ப்போவ் ஐ-15 ஒன்றும், 1950களின் ஸ்பானிய மெஸ்ஸர்ஷ்மிட் ஒன்றும் காத்திருக்கின்றன. அவற்றுக்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

மஞ்சள் வால்:

ஸ்பெயின் வீரன் என்றால் தோணியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு இரும்புத் தொப்பிதானே? கோர்த்தேஸ் மெக்ஸிகோவைப் பிடித்தபோது போட்டிருந்தது. விளையாட்டுக்குச் சொன்னேன்.

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? விமானம் ஜெர்மனி கொடுத்தது, ஓட்டியதும் ஜெர்மன்காரர்கள். கவசத்தை அப்படியே விட்டுவிட்டு வாலில் கறுப்புப் பெருக்கல் குறி போட்டால் வேலை முடிந்தது.

பழைய இரும்பு:

தம்பி ஒட்டுப்பசை, உன் நண்பர் சொன்னது சரி. மஞ்சள் வால் சொன்னது பாதி சரி. அந்தப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மாட்ரிட்டுக்குத் தெற்கே கெத்தாஃபேயில் 11 வருடம் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்கு இரண்டே இடம்தான். ஒன்று எல் ராஸ்த்ரோ பழம்பொருள் சந்தை. இன்னொன்று குவாத்ரோ வியந்தோஸில் இருக்கும் விமான அருங்காட்சியகம். சந்தையில் ஏமாந்ததை அருங்காட்சியகத்தில் திருத்திக்கொள்வேன்.

இப்போது உன் வரிசைக்கு வருவோம். 1936 ஜூலையில் குடியரசு அரசுக்கு எதிராகப் பிராங்கோவும் மற்றத் தளபதிகளும் கலகம் தொடங்கியபோது, ஸ்பெயின் கடற்படையின் பெரும்பாலான கப்பல்களில் மாலுமிகள் அதிகாரிகளை மீறிக் குடியரசின் பக்கம் நின்றுவிட்டார்கள். ஜிப்ரால்டர் ஜலசந்தி அடைபட்டது. பிராங்கோவிடம் இருந்த நல்ல படையெல்லாம் ஆப்பிரிக்கக் கரையில். அதனால்தான் யுங்கர்ஸ். 17 பேர் உட்காரும் விமானத்தில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, 35, 40 பேரை முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார வைத்துப் பறந்தார்கள். அக்டோபருக்குள் 13,000 பேருக்கு மேல் இப்படி வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் யார்? பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 1920இல் மில்யான் அஸ்த்ராய் தொடங்கிய லெஜியோன். இன்னொன்று, 1911 முதல் மொராக்கோக்காரர்களைச் சேர்த்து உருவாக்கிய ரெகுலாரெஸ். உன் எட்டுப் பேரை நான்கு நான்காகப் பிரித்துக்கொள்.

லெஜியோன்காரன் தலையில் இருப்பது துணித்தொப்பி. முன்னும் பின்னும் கூர்மையாக, மடித்தால் சட்டைப்பையில் போய்விடும். நெற்றிக்கு நேரே சிவப்புக் குஞ்சம் ஒன்று தொங்கும், ஓரமெல்லாம் சிவப்பு வரி. ஸ்பெயினில் இந்த வகைத் தொப்பிக்குப் பொதுப்பெயர் இசபெலினோ. இரண்டாம் இசபெல் ராணி காலத்திலிருந்து வருவது. லெஜியோன்காரர்கள் மட்டும் அதை சாப்பிரி என்பார்கள். அவர்கள் நிமிடத்துக்கு 160 அடி வைத்து நடப்பவர்கள். குஞ்சம் பெண்டுலம் மாதிரி ஆடும். ஊர்வலத்தைப் பார்க்கிற சின்னப் பிள்ளைகளுக்கு துப்பாக்கி கண்ணில் படாது, அந்தக் குஞ்சம்தான் படும். உனக்கு வண்ணம் வேண்டுமென்றால் சாம்பல் கலந்த பச்சை. ராணுவப் பச்சை பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிடாதே.

ரெகுலாரெஸ் வீரனுக்கு சிவப்பு தர்பூஷ், அதாவது ஃபெஸ் தொப்பி. களத்தில் தலைப்பாகை சுற்றியவர்களும் நிறைய. இரண்டு பேருக்கு ஃபெஸ், இரண்டு பேருக்குத் தலைப்பாகை என்று வைத்தால் வரிசைக்கு உயிர் வரும். தோளில் சுருட்டிய போர்வையை மறந்துவிடாதே. இரும்புக் கவசம்? அந்த மாத ஆப்பிரிக்கப் படைப் படங்களில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இனி விமானி. ஜெர்மன்காரன்தான், ஆனால் ஜெர்மன் வேஷத்தில் இல்லை. முதல் கூட்டம் ஹாம்பர்க்கிலிருந்து உசராமோ என்ற கப்பலில் சுற்றுலாப் பயணிகள் என்ற பெயரில் கிளம்பி, ஆகஸ்ட் 6ஆம் தேதி காதிஸில் இறங்கியது. கோட்டு, கால்சட்டை, கையில் பெட்டி. ஜெர்மனி இதில் இருப்பதே வெளியே தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. அந்த ஆள் தலையில் ஜெர்மன் கவசத்தை வைத்தால், அவர்கள் மூடி மறைத்ததையெல்லாம் நீ திறந்து காட்டியதாகிவிடும்! வெள்ளைச் சட்டை, சுருட்டிய கை, வெறுந்தலை. அவ்வளவு போதும். கொண்டோர் லெஜியோன் என்ற ஜெர்மன் படை சீருடையோடு முறையாக உருவானது அந்த நவம்பரில்தான்.

வாலில் வெள்ளை அடித்துக் கறுப்புப் பெருக்கல் போடு, சரி. ஆரம்ப வாரங்களில் எல்லா விமானமும் ஒரே அடையாளத்தோடு இல்லை. அதனால் கைவேலை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பெருக்கல் குறி இன்றைக்கும் ஸ்பானிய விமானப்படையின் எல்லா வால்களிலும் இருக்கிறது. இன்றைய ஐரோஃபைட்டர் போர் விமானத்தில் பார்த்தாலும் அதேதான்.

மஞ்சள் வாலுக்கு ஒன்று. அந்தத் தோணித் தொப்பியின் பெயர் மொர்ரியோன். கோர்த்தேஸ் மெக்ஸிகோவைப் பிடித்தது 1519 முதல் 1521 வரை. மொர்ரியோன் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது அந்த நூற்றாண்டின் பிற்பாதியில், ஃபிளாண்டர்ஸில் சண்டை போட்ட தெர்சியோ படைகளின் காலத்தில். ஓவியர்கள் பின்னால் வந்ததை முன்னால் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள்.

ஒட்டுப்பசை:

ஐயா, மிக்க நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. விமானியின் கவசத்தை இப்போதே கத்தியால் சீவிவிட்டேன். மூக்கும் கொஞ்சம் போய்விட்டது. நிழலில் நிற்பதால் பரவாயில்லை.

இரண்டு சந்தேகம். ஸ்பெயினுக்குச் சொந்தமாக இரும்புக் கவசமே கிடையாதா? பெரே தொப்பிக்காரர்கள் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

பழைய இரும்பு:

இருந்தது தம்பி. அஸ்துரியாஸில் த்ருபியா என்ற ஊர், அங்கே அரசு ஆயுதத் தொழிற்சாலை. 1920களில் அங்கே கவசம் செய்யத் தொடங்கினார்கள். விளிம்பு உள்ளது ஒரு வகை, விளிம்பு இல்லாதது ஒரு வகை. சேகரிப்பவர்கள் இன்றும் "இறக்கையோடு", "இறக்கை இல்லாமல்" என்றுதான் கேட்பார்கள். விளிம்புக்கு ஸ்பானிய மொழியில் சொல்வது ஆலா. இறக்கைக்கும் அதே சொல். விமானக் கிறுக்கும் கவசக் கிறுக்கும் ஒன்றாகப் பிடித்த எனக்கு, அந்த வார்த்தை வந்தாலே காது நிமிரும்.

போர் வந்ததும் கணக்கெல்லாம் குழம்பிவிட்டது. குடியரசுத் தரப்பில் பிரெஞ்சு அட்ரியான், செக் நாட்டுக் கவசம், த்ருபியா எல்லாம் ஒரே அகழியில் இருந்தன. எதிர்த்தரப்பில் ஜெர்மனும் இத்தாலியும் அனுப்பியவை. பிடிபட்ட கவசம் மறுநாளே வண்ணம் மாறி எதிரியின் தலையில் ஏறும்.

நான் ஏமாந்த கதை இதோடு சேர்ந்ததுதான். ராஸ்த்ரோவில் ஒருவர் துணி விரித்து விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கவசத்தைக் கையில் எடுத்ததும் குரலைத் தாழ்த்தி, "கொண்டோர் லெஜியோன். ஒரு கிழவரின் பரணிலிருந்து வந்தது" என்றார். காதை மூடும் அதே வடிவம். ஒரு மாதச் செலவில் கால்வாசியைக் கொடுத்து வாங்கி, மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது மாதிரி.

திங்கட்கிழமை அலுவலகத்தில் காட்டினேன். ஓய்வு பெறும் வயதில் இருந்த சக ஊழியர் ஒருவர் வாங்கிப் பார்த்தார். நெற்றிப் பக்கம் ஒரு சின்னத் தகடு பற்றவைத்திருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்தபடி சிரித்தார். "இதை நானே போட்டிருக்கிறேன்" என்றார். "ல மிலியில்."

ல மிலி என்றால் கட்டாய ராணுவ சேவை. ஸ்பெயினில் 2001 கடைசி வரை இருந்தது. அவர் போனது 1970களில். என் கையில் இருந்தது இசட்-42. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1942இல் ஜெர்மன் அச்சைப் பார்த்து ஸ்பெயினிலேயே அடித்தது. அந்த நெற்றித் தகடு படைப்பிரிவின் சின்னத்தைச் செருகுவதற்கு. ஜெர்மன் கவசத்தில் அது கிடையாது. கெவ்லார் வரும்வரை, 1980கள் மட்டும், ஸ்பானிய இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கழுத்து வலிக்கப் போட்டது அதைத்தான். அவர் முகத்தில் பழைய பள்ளித் தோழனைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். எனக்குப் போன பணம் போனதுதான். ஆனால் கவசத்தை விற்கவில்லை.

பெரே தொப்பி பற்றி வரைபடக்காரி வந்து சொல்லட்டும். அந்த விஷயத்தில் போன தடவை நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

வரைபடக்காரி:

கூப்பிட்டதால் வந்தேன். சார் போன தடவை "சிவப்புப் பெரே என்றால் எப்போதும் கார்லிஸ்டுகள்தான்" என்று எழுதினார், அதைத்தான் திருத்தினேன். சண்டை போடவில்லை.

ஒட்டுப்பசை, அந்த இருவரையும் தெத்துவானில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பெரேக்கு ஸ்பெயினில் பெயர் போய்னா. அது பாஸ்க் நாட்டுத் தொப்பி, வடக்கே மலைப்பக்கத்து ஆட்டிடையர்களுடையது. 1833இல் வாரிசுச் சண்டை வந்தபோது இசபெல் ராணிக்கு எதிராக அரியணை கேட்ட டான் கார்லோஸுக்காகச் சண்டை போட்ட தளபதி சுமலாகாரெகி அதையே தலையில் வைத்துக்கொண்டார். ஓவியங்களில் அவரைக் கண்டுபிடிக்க அந்தத் தொப்பியே போதும். அப்போதிருந்து போய்னா கார்லிஸ்ட், அதாவது கார்லோஸ் கட்சிக்காரர்களின் சின்னமாகிவிட்டது.

ஆனால் அதே போரில், எதிர்த்தரப்பில், இசபெல் ராணிக்காகச் சண்டை போட்ட கிபுஸ்கோவாத் தொண்டர் படை ஒன்று இருந்தது. அவர்களும் சிவப்புப் பெரே. அவர்கள் பெயரே சப்பேல்கோர்ரி, பாஸ்க் மொழியில் "சிவப்புத் தொப்பி". இரண்டு பக்கமும் ஒரே தொப்பி போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். நிறம் கட்சிச் சொத்தாக மாறியது பிறகுதான்.

1936இல் சிவப்பு போய்னா என்றால் ரெக்கேத்தே எனப்படும் கார்லிஸ்ட் தொண்டர்கள், பெரும்பாலும் நவார்ரா பக்கத்தார். தெத்துவானுக்கும் அவர்களுக்கும் நடுவில் முழு ஸ்பெயினும் இருக்கிறது. 1937 ஏப்ரலில் பிராங்கோ கார்லிஸ்டுகளையும் ஃபலாங்கே என்ற பாசிசக் கட்சியையும் ஒரே கட்சியாகச் சேர்த்து ஆணை போட்டார். நீலச் சட்டை ஒருவருடையது, சிவப்புத் தொப்பி மற்றவருடையது, சேர்த்து மாட்டு என்றார். இரு பக்கத்துக்கும் பிடிக்கவில்லை. ஃபலாங்கேக்காரர்கள் பலர் தொப்பியைத் தலையில் வைக்காமல் கையிலோ தோள்பட்டியிலோ வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஆகவே ஒரு படத்தில் நீலச் சட்டையும் சிவப்புப் பெரேயும் சேர்ந்து தெரிந்தால், தேதி அந்த ஏப்ரலுக்குப் பிந்தையது.

உங்களுக்குத் தளத்தில் ஒரு காவலர் வேண்டுமென்றால் ஸ்பெயினின் துணை ராணுவக் காவல் படையான குவார்தியா சிவிலைப் பற்றி யோசியுங்கள். கறுப்பாகப் பளபளக்கும் த்ரிகோர்னியோ தொப்பி, பின்பக்கம் மட்டமாக நிமிர்ந்திருக்கும். சிறு அளவில் வெட்டுவது எளிது. இந்தத் தொப்பிக்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. 1766இல் எஸ்கிலாச்சே என்ற இத்தாலிய அமைச்சர், மாட்ரிட்காரர்கள் நீள அங்கியும் அகல விளிம்புத் தொப்பியும் போடக்கூடாது, முகம் தெரியும்படி முக்கோணத் தொப்பிதான் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். ரொட்டி விலை ஏற்கெனவே ஏறியிருந்தது. மார்ச்சில் ஊரே கொதித்தது. ராஜா மூன்றாம் கார்லோஸ் அரண்மனையை விட்டு அரான்ஹுவேஸுக்கு ஓடினார், எஸ்கிலாச்சே நாட்டை விட்டே போனார். 78 வருடம் கழித்து, 1844இல், அவுமாதா பிரபு குவார்தியா சிவிலைத் தொடங்கியபோது அவர்களுக்குக் கொடுத்தது அந்த முக்கோணத் தொப்பியின் வாரிசைத்தான். 1981 பிப்ரவரி 23 அன்று நாடாளுமன்றத்தில் ஆட்சியைக் கவிழ்க்கப் புகுந்து கைத்துப்பாக்கியை உயர்த்திக்கொண்டு நிற்கும் குவார்தியா சிவில் அதிகாரி தெஹேரோவின் படத்தில் எல்லோர் கண்ணும் போவது அந்தத் தொப்பி மேல்தான். இப்போது அன்றாட வேலைக்குச் சாதாரணக் குல்லாய், த்ரிகோர்னியோ விழாக்களுக்கு.

பழைய இரும்பு:

பார்த்தாயா தம்பி, இதற்குத்தான் நான் ஒதுங்கினேன்.

வரைபடக்காரி சொன்ன அகல விளிம்புத் தொப்பிக்குப் பெயர் சாம்பர்கோ. ஷோம்பர்க் என்ற தளபதியின் பெயர் திரிந்து வந்தது. 1855இல் வந்த ஒரு கட்டைத் தொப்பிக்குப் பெயர் ரோஸ், ஜெனரல் ரோஸ் தே ஒலானோவின் பெயர்தான். 1859-60 ஆப்பிரிக்கப் போர்ப் படங்களில் வெள்ளை உறை போட்டு வரிசையாகத் தெரியும். சாப்பிரிக்குப் பின்னால் ஒரு ராணி இருப்பதைச் சொன்னேன். ஆக ஸ்பெயினில் தொப்பிக்கு மனிதர் பெயர். விமானத்துக்கு? மிருகம், பறவை, பூச்சி!

உன் ஐ-15ஐ அங்கே யாரும் ஐ-15 என்று சொல்லமாட்டார்கள். சாத்தோ. சப்பை மூக்கன். முன்னால் அந்த உருண்டை என்ஜினைப் பார்த்தால் நீயும் அப்படித்தான் கூப்பிடுவாய். அதன் தம்பி ஐ-16க்கு இரண்டு பெயர். குடியரசுத் தரப்பில் மோஸ்கா, ஈ. பிராங்கோ தரப்பில் ராத்தா, எலி. ஓட்டுகிறவனுக்கு ஈ, அடிவாங்குகிறவனுக்கு எலி. ஹைங்கல் 46க்கு பாவா, பெண் வான்கோழி. டோர்னியர் 17க்கு பக்கலாவ், உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன். ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்களுக்கு மட்டும் கத்தியூஸ்கா, நதாச்சா என்று பெண் பெயர்கள். இத்தாலிய ஃபியட் சி.ஆர்.32ஐ இத்தாலியர்கள் "சி-எர்ரே" என்று உச்சரித்தார்கள். அது ஸ்பானியக் காதில் சிர்ரி ஆகிவிட்டது. பிராங்கோ தரப்பு விமானி கார்சியா மொராத்தோ 40 விமானங்களை வீழ்த்தியதில் பெரும்பங்கு ஒரே சிர்ரியில்தான், எண் 3-51. போர் முடிந்து மூன்றே நாளில், 1939 ஏப்ரல் 4 அன்று, படம்பிடிக்க வந்தவர்களுக்காக வித்தை காட்டும்போது அதிலேயே விழுந்து இறந்தார்.

சாத்தோவுக்கு மேலே கரும்பச்சை, கீழே வெளிர்நீலம். உடம்பிலும் இறக்கையிலும் சிவப்புப் பட்டை, வாலில் சிவப்பு, மஞ்சள், ஊதா. ரஷ்யாவிலிருந்து வந்தவை போக, கத்தலோனியாவில் ஸ்பெயின்காரர்களே கட்டியவையும் உண்டு. விமானிக்குத் தோல் தொப்பியும் கண்ணாடியும். அவர்களில் பலர் இளவயதுப் பையன்கள். பறக்கக் கற்றது சோவியத் அஸர்பைஜானின் கிரோவாபாதில். மெக்கானிக்குக்கு நீல மோனோ, அதாவது முழு உடல் வேலைச்சட்டை. தலையில்? குஞ்சம் வைத்த இசபெலினோ!

ஆமாம், லெஜியோன்காரன் போட்ட அதே வெட்டு. ராணியின் பெயர் கொண்ட தொப்பியைக் குடியரசுப் போராளிகளும் போட்டார்கள், ராணிகளே வேண்டாம் என்றவர்கள். அராஜகவாதிகள் அதையே பாதி சிவப்பு, பாதி கறுப்பாகத் தைத்துக்கொண்டார்கள். நெற்றியில் சிவப்பு நட்சத்திரத்தை வைத்தால் உன் மெக்கானிக் குடியரசுக்காரன், எடுத்தால் எதிராளி. 1/72இல் வித்தியாசம் ஒரு புள்ளிதான்.

விமானியின் வலது மார்பில் வெள்ளியில் ஒரு துளி வை. அதுதான் பறக்கும் சின்னம். 1913இல் இளவரசி பெயாத்ரிஸ் தே ஓர்லெயான்ஸ் வரைந்தது. ஆனால் எல்லோரும் சொல்வது ரோகிஸ்கி என்று, அதைச் செய்து விற்ற மாட்ரிட் வெள்ளிப் பட்டறைக்காரரின் பெயர். வரைந்தவர் இளவரசியாக இருந்தும் பெயர் பட்டறைக்குப் போயிற்று. எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

ஒட்டுப்பசை:

வரைபடக்காரி, ஐயா, இருவருக்கும் நன்றி. பெரே தொப்பிக்காரர்களை வடக்குக்கு அனுப்பிவிட்டேன், அதாவது பெட்டிக்குள். லெஜியோன் நால்வருக்கும் குஞ்சம் வைத்தாயிற்று. சிவப்புத் தையல் நூலைப் பிரித்து, ஒரே இழையை வெட்டி ஒட்டினேன். ஒருவனுக்கு மட்டும் குஞ்சம் காதுப்பக்கம் போய்விட்டது. காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

விமானியோடு சேர்த்து ஒன்பது தலையைச் சீவியதில் ஒரே ஒரு ஜெர்மன் கவசக்காரன் மீதி. மூன்றாவது மாடல், அந்த ஸ்பானிய மெஸ்ஸர்ஷ்மிட், அதன் பக்கத்தில் யாரை நிறுத்துவது?

பழைய இரும்பு:

இதற்குத்தான் காத்திருந்தேன்.

அந்த விமானத்தின் பெயர் புச்சோன். மார்பைப் புடைத்துக்கொண்டு திரியும் ஒரு வகைப் புறா. கதை இதுதான். ஸ்பெயின் 1942இல் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐக் கட்ட உரிமம் வாங்கியது. ஜெர்மனி அனுப்பியது வாலும் என்ஜினும் இல்லாத 25 உடம்புகள். அதன்பின் அவர்களுக்கே இல்லை, இவர்களுக்கு எங்கே கொடுப்பார்கள்? செவியாவின் ஹிஸ்பானோ அவியாசியோன் ஆலைக்காரர்கள் முதலில் ஹிஸ்பானோ-சுய்சா என்ஜினை வைத்துப் பார்த்தார்கள். பறந்தது, திருப்தியில்லை. கடைசியில் 1954இல் ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின். அதாவது ஸ்பிட்ஃபயரின் என்ஜின் வம்சம், மெஸ்ஸர்ஷ்மிட்டின் உடம்பில்! பத்து வருடம் முன்பு ஒன்றையொன்று துரத்திய இரண்டையும் ஒரே போல்ட்டில் முடுக்கிவிட்டார்கள். மெர்லினுக்கு அடியில் காற்றிழுக்கும் வாய் பெரிது. அதனால் தாடைக்குக் கீழே புடைப்பு. அதனால் புறா.

1965 வரை சேவையில் இருந்தது. பிறகு 1968இல் இங்கிலாந்து வான்போரைப் பற்றிய ஒரு பெரிய படத்துக்காக செவியாவின் தப்லாதா தளத்தில் அவற்றுக்கெல்லாம் ஜெர்மன் வண்ணம் அடித்துப் பறக்கவிட்டார்கள். கூடவே பறந்த ஹைங்கல்களும் அசல் இல்லை, ஸ்பெயினில் காசா நிறுவனம் கட்டிய 2.111. அவற்றிலும் மெர்லின். குவாத்ரோ வியந்தோஸில் ஒரு புச்சோனின் மூக்குக்கு நேர் கீழே நின்று பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் பார்த்தால் 109 என்று ஏமாறலாம். முன்னால் நின்றால் முடியாது, அந்தத் தாடை காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, உன் மீதி ஆள். புச்சோனை முழுக்க நீலமாக அடி, வாலில் பெருக்கல் குறி, தளம் செவியா, வருடம் 1960 என்று வை. பக்கத்தில் காவலுக்கு ஒருவன் வேண்டும். அவன் தலையில் என்ன இருக்கும்?

ஒட்டுப்பசை:

இசட்-42!

ஐயா, அப்படியென்றால் அவனை வெட்டவே வேண்டாமா? அந்த நெற்றித் தகடு மட்டும் எப்படி வைப்பது? பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிப் பார்த்தேன். மூன்று தடவை தரையில் விழுந்து தொலைந்துவிட்டது.

பழைய இரும்பு:

வெட்டாதே. என் அலமாரியில் இருப்பதை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தகடே ஒரு விரல் நீளம் இல்லை. உன் அளவில் அது தூசி. கவசத்துக்கு அடித்த அதே பெயிண்ட், கொஞ்சம் கெட்டியாக, ஊசி முனையில் எடுத்து நெற்றிக்கு நடுவில் ஒரு தொடு. காய்ந்தபின் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் மேடாகத் தெரியும்.

படம் போடும்போது முன்பக்கம் எடு. பக்கவாட்டில் எடுத்தால் உன் நண்பர் மறுபடியும் ஸ்டாலின்கிராட் என்பார்.